"எனக்கு ஒண்டுமில்லையப்பா": விளையாடும் பிள்ளைகளும் கன்கஷனும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிள்ளையை ஏதாவது ஒரு விளையாட்டுக் கழகத்தில் சேர்த்த பெற்றோருக்கு இந்தத் தாள் தெரிந்திருக்கும். பதிவுக் கட்டணம், சீருடையின் அளவு, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் எல்லாம் நிரப்பி முடித்த பிறகு கடைசியில் வரும். ரோவனின் சட்டம் என்று தலைப்புப் போட்டிருக்கும். கன்கஷன் என்ற மூளைக் காயம் பற்றிய தகவல்களை வாசித்தேன் என்று வருடாவருடம் உறுதி சொல்ல வேண்டும். நான் நான்கு வருடங்கள் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன். ஐந்தாவது வருடம், பந்தைத் தடுக்கப் பாய்ந்த என் மகளின் தலை கோல் கம்பத்தில் மோதியது.

அவளுக்கு அப்போது 13 வயது. கொஞ்சம் மெதுவாகத்தான் எழுந்தாள். பயிற்றுநர் ஓடிப்போய்க் கேட்டார். கோட்டுக்கு வெளியே நின்று நானும் கேட்டேன். "எனக்கு ஒண்டுமில்லையப்பா" என்றாள். மிச்சமிருந்த 20 நிமிடமும் விளையாடினாள். திரும்பி வரும்போது காரில், "நாங்கள் வெண்டனாங்களா?" என்று கேட்டாள். வென்றதாகச் சொன்னேன். இரண்டு சந்திகள் தாண்டியதும் அதையே கேட்டாள். வீட்டு வாசலில் கார் நின்றபோது மூன்றாவது தடவையும் கேட்டாள். நான் காரிலிருந்து இறங்கவேயில்லை. அப்படியே ஆஸ்பத்திரிக்குத் திருப்பினேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருந்த நேரத்தில்தான் அந்தத் தாளை முதல் வரியிலிருந்து வாசித்தேன். அதற்குப் பிறகு நிறைய வாசித்துவிட்டேன். அதில் எனக்கு விளங்கியதை, பார்க்காமலே கையெழுத்துப் போடும் மற்றப் பெற்றோருக்காக எழுதுகிறேன். எல்லாவற்றையும்விட எனக்கு உறைத்தது ஒன்றுதான். "உனக்கு ஏதாவது செய்கிறதா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய உறுப்பு மூளை. அடிபட்டதும் அதே மூளைதான். அது சொன்ன பதிலை நம்பித்தான் நான் அவளை இன்னும் 20 நிமிடம் விளையாட விட்டேன்.

தயிர்ச்சட்டி

கன்கஷன் என்பதைத் தமிழில் மூளை அதிர்வு என்கிறார்கள். பெயரிலேயே பாதி விளக்கம் இருக்கிறது. மண்டையோட்டுக்குள் மூளை இறுக்கிப் பூட்டி வைத்ததுபோல் இருப்பதில்லை. அதைச் சுற்றி ஒரு திரவம் இருக்கிறது. மூளையும் கெட்டியான பொருள் அல்ல, மிக மென்மையானது. நன்றாக உறைந்த தயிர்ச்சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வேகமாக நடந்து, சட்டென்று நின்று திரும்புங்கள். பிறகு சட்டியைப் பாருங்கள். சட்டியில் ஒரு கீறலும் விழுந்திருக்காது. உள்ளே தயிர் மட்டும் வெடித்துக் கலங்கியிருக்கும்.

தலை நேராக முன்னும் பின்னும் ஆடுவதைவிட, சுழன்று திரும்புவது மூளைக்குக் கூடுதல் கெடுதி. சுழலும்போது மூளையின் ஒரு பகுதி முந்தியும் இன்னொரு பகுதி பிந்தியும் நகர்கிறது. இடையில் ஓடும் மெல்லிய நரம்பு இழைகள் இழுபடுகின்றன. அதனால் தலையில் எதுவும் படாமலேகூட கன்கஷன் வரலாம். தோளில் பலமாக இடித்துத் தள்ளினால் கழுத்து வெட்டித் திரும்புமே, அது போதும்.

இழுபட்ட நரம்பணுக்களில் அடுத்து நடப்பதுதான் இந்தக் காயத்தின் மையம். நரம்பணுவின் உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கசிகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. அதையெல்லாம் பழைய இடத்துக்குத் திருப்பிவைக்க அணுக்களுக்கு நிறையச் சக்தி வேண்டும். அதே நேரத்தில் மூளைக்கு வரும் இரத்த ஓட்டமோ குறைந்துவிடுகிறது. சம்பளம் பாதியாகிப்போன மாதத்தில் வீட்டுச் செலவு இரட்டிப்பானால் எப்படி இருக்கும்? சில நாட்களுக்கு, சிலருக்குச் சில வாரங்களுக்கு, மூளை அந்தக் கடனில்தான் ஓடுகிறது. தலைவலி, மந்தம், எரிச்சல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை எல்லாம் இந்த நெருக்கடியின் வெளித்தோற்றம்.

இதனால்தான் ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவையும் இரத்தக் கசிவையும் காட்டும். அணுக்களுக்குள் நடக்கும் சக்தித் தட்டுப்பாட்டை அது காட்டாது. "ஸ்கேன் நோர்மல், எனவே கன்கஷன் இல்லை" என்று யாராவது சொன்னால் அது தவறு. ஸ்கேன் எடுப்பது அதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறதா என்று பார்க்க. கன்கஷனை வைத்தியர் கண்டுபிடிப்பது கேட்டும் பார்த்தும் சோதித்தும்தான்.

தலைக்கவசம் பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். சட்டியைத் துணியால் சுற்றினால் சட்டி உடையாது, தயிர் ஆடுவது நிற்காது. தலைக்கவசம் மண்டையோட்டைக் காப்பாற்றும். அதற்காகவே அது கட்டாயம் வேண்டும். கன்கஷன் வராது என்று அதை நம்பி மோத விடக்கூடாது.

பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு இது ஏன் கடுமை? உடலோடு ஒப்பிட்டால் பிள்ளையின் தலை பெரியது, அதைத் தாங்கும் கழுத்துத் தசை பலமில்லாதது. நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள கொழுப்புறை இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. பெரியவர் ஒருவருக்கு இரண்டு வாரத்தில் சரியாவது, பிள்ளைக்கு நான்கு வாரம் வரை எடுப்பது வழமை. ஒரே விளையாட்டை ஆடும் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு, உதாரணமாக உதைபந்தாட்டத்தில், கன்கஷன் கூடுதலாகப் பதிவாகிறது.

ரோவன்

அந்தத் தாளில் இருக்கும் பெயர் ஒரு பிள்ளையுடையது. ரோவன் ஸ்ட்ரிங்கர், ஒட்டாவாவைச் சேர்ந்தவள், வயது 17, தன் பள்ளி ரக்பி அணியின் தலைவி. 2013 மே மாதம், ஒரே வாரத்துக்குள் அவளுக்குத் தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டது. தனக்கு வந்திருப்பது கன்கஷனாக இருக்கலாம் என்று அவளே சந்தேகப்பட்டாள். இணையத்தில் தேடிப் பார்த்தாள். தோழிகளுக்குக் குறுஞ்செய்தியில் சொன்னாள். பெற்றோருக்கும் பயிற்றுநருக்கும் சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு இறங்கினாள். மே 8ஆம் திகதி, அந்த ஆட்டத்தில் அவளைத் தடுத்து வீழ்த்தியபோது தலை தரையில் மோதியது. எழுந்து உட்கார்ந்தவள் மயங்கி விழுந்தாள். நான்கு நாட்களில் இறந்துபோனாள். அன்று அன்னையர் தினம்.

முதல் அடியில் கடன்பட்டிருக்கும் மூளைமீது இரண்டாவது அடி விழும்போது, சில இளவயதினருக்கு மூளையின் இரத்த ஓட்டக் கட்டுப்பாடே குலைந்துவிடுகிறது. மூளை மிக வேகமாக வீங்குகிறது. இரண்டாவது அடி சிறியதாக இருந்தால்கூடப் போதும். இதை இரண்டாம் தாக்க நோய்க்குறி என்கிறார்கள். மிக மிக அரிதானது. அதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பயந்துபோய் பிள்ளைகளை வீட்டில் பூட்டி வைப்பதற்கு இது காரணம் ஆகக்கூடாது. ஆனால் இப்படி இறந்தவர்களில் அநேகமானோர் ரோவனின் வயதை ஒட்டியவர்கள். 2011இல் வட அயர்லாந்தில் பள்ளி ரக்பி ஆட்டமொன்றில் இறந்த பெஞ்சமின் ராபின்சனுக்கு வயது 14.

இறக்காமல் தப்பியவர்களும் இருக்கிறார்கள். 2006இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயது சக்கரி லிஸ்டெட், அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் அடிபட்டு, கொஞ்ச நேரம் வெளியே இருந்துவிட்டு மறுபாதியில் திரும்ப இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சரிந்து விழுந்தான். மூளையின் வீக்கத்துக்கு இடம் கொடுக்க மண்டையோட்டின் இரு பக்க எலும்புகளையும் எடுக்க வேண்டியிருந்தது. உயிர் பிழைத்தான். பேசவும் நடக்கவும் வருடக்கணக்கில் திரும்பக் கற்க வேண்டியிருந்தது. அவன் பெயரிலேயே 2009இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும், மருத்துவத் தகுதி உள்ளவரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் திரும்ப விளையாட விடக்கூடாது. 2014க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இப்படியான சட்டம் வந்துவிட்டது.

ரோவனின் பெற்றோர் விடவில்லை. 2015இல் அவளுடைய மரணத்துக்கு விசாரணை நடந்தது, ஜூரிகள் 49 பரிந்துரைகள் வைத்தார்கள். 2018இல் ஒன்ராறியோவில் ரோவனின் சட்டம் நிறைவேறியது. கனடாவில் இப்படியொரு சட்டம் இதுதான் முதல். 26 வயதுக்குக் கீழ்ப்பட்ட வீரர்கள், 18க்குக் கீழ்ப்பட்டவர்களின் பெற்றோர், பயிற்றுநர்கள், நடுவர்கள் எல்லோரும் வருடம் ஒருமுறை அந்தத் தகவலை வாசித்து உறுதி சொல்ல வேண்டும். ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பகுதிகளில் நம்முடைய ஆயிரக்கணக்கான பிள்ளைகள் உதைபந்தும் கூடைப்பந்தும் கிரிக்கெட்டும் விளையாடுகிறார்கள். அந்தச் சட்டம் அவர்களுக்கும்தான்.

எப்படித் தெரிந்துகொள்வது

முதலில் ஒரு தப்பெண்ணத்தை எடுத்துவிட வேண்டும். கன்கஷன் என்றால் மயங்கி விழ வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பத்தில் ஒருவருக்குத்தான் நினைவு தப்பும், அல்லது அதைவிடவும் குறைவு. மற்றவர்கள் எழுந்து நடப்பார்கள், பேசுவார்கள், ஓடுவார்கள்.

கோட்டுக்கு வெளியே நிற்கும் நம் கண்ணுக்குத் தெரிவது சின்னச் சின்ன விஷயங்கள்தான். விழுந்தவன் அசையாமல் ஒரு கணம் கிடந்தானா? எழும்ப நேரம் எடுத்தானா? தலையைப் பிடித்துக்கொண்டானா? கால் தடுமாறியதா? பார்வை வெறிச்சோடி இருக்கிறதா? பேச்சு ஒரு தாளம் பிந்தி வருகிறதா? பிள்ளை சொல்லக்கூடியவை தலைவலி, தலைசுற்று, குமட்டல், கண் மங்கல், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமை, "மண்டைக்குள் புகை மூட்டம் மாதிரி" ஒரு உணர்வு. பிறகு வீட்டில் தெரிபவை வேறு. காரணமில்லாமல் அழுகை, எரிச்சல், தூக்கம் கூடுவது அல்லது வராமலே போவது, ஒரே பந்தியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலே சந்தேகப்பட வேண்டும்.

பெயரையும் கிழமையையும் கேட்டுச் சோதிப்பதில் அதிகம் பயன் இல்லை. கன்கஷன் வந்தவர்களிலும் பலர் அதற்குச் சரியாகவே பதில் சொல்லிவிடுகிறார்கள். 1990களில் அவுஸ்திரேலியாவில் மாடக்ஸ் என்ற ஆய்வாளர் இதைக் கவனித்து வேறு கேள்விகளைப் பரிசோதித்தார். இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம்? இது முதல் பாதியா இரண்டாவதா? கடைசி கோல் யார் போட்டது? போன ஆட்டம் யாரோடு? அதில் நாங்கள் வென்றோமா? அண்மை நினைவுதான் முதலில் தடுமாறும். அதைத்தான் இந்தக் கேள்விகள் தொடுகின்றன. என் மகள் காரில் மூன்று முறை கேட்டது இந்த வரிசையின் கடைசிக் கேள்வியைப் போன்றது என்று பிறகு வாசித்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் வந்தாலும் திரும்ப விளையாட அது அனுமதி ஆகாது. பிழையான பதில் வந்தால் சந்தேகம் உறுதி, அவ்வளவுதான்.

இன்னொன்று, அறிகுறிகள் உடனே வர வேண்டும் என்று கட்டாயமில்லை. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு 2019 ஆகஸ்ட், லோர்ட்ஸ் டெஸ்ட் ஞாபகம் இருக்கும். இங்கிலாந்தின் ஜொஃப்ரா ஆர்ச்சர் வீசிய பந்து அவுஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தைத் தாக்கியது. 80 ஓட்டங்களில் வெளியே போன ஸ்மித், சோதனைகளில் தேறித் திரும்ப வந்து 92 வரை ஆடினார். அடுத்த நாள் காலை அவருக்குத் தலைவலியும் மந்தமும். கன்கஷன் என்று உறுதியானது. அவருக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் இறங்கினார், டெஸ்ட் வரலாற்றின் முதல் கன்கஷன் மாற்று வீரராக. உலகத்தரமான வைத்தியர் குழு சோதித்தும் முதல் நாள் தெரியாத ஒன்று, சனிக்கிழமை காலை மைதானத்தில் நமக்கு எப்படித் தெரியும்? ஆகவே சந்தேகம் ஒன்றே போதும், வெளியே எடுங்கள். அன்று திரும்ப இறங்கவே கூடாது. இறுதிப் போட்டியானாலும்தான்.

உடனே அவசர எண் 911ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள் தனி. தலைவலி வரவர மோசமாவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, நினைவு தப்புவது, எழுப்ப முடியாத தூக்கம், இரட்டைப் பார்வை, கை கால் விறைப்பு அல்லது பலமின்மை, குழப்பம் கூடிக்கொண்டே போவது, கழுத்தில் கடும் வலி. கழுத்து வலித்தால் பிள்ளையை அசைக்கவோ தூக்கவோ வேண்டாம், தலைக்கவசத்தையும் கழற்ற வேண்டாம். கன்கஷனைத் தாண்டி மூளையில் இரத்தக் கசிவோ முதுகெலும்புக் காயமோ இருக்கலாம் என்பதால்தான் இந்த அவசரம்.

வீட்டில்

தலையில் அடிபட்ட பிள்ளையைத் தூங்க விடாதே என்று என் அம்மா தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்னார். வைத்தியர் பார்த்து, மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் எதுவும் இல்லை என்றால், பிள்ளை தூங்கலாம். தூக்கம் மூளைக்கு மருந்து. முதல் நாள் தனியாக விடாமல், மாற்றம் தெரிகிறதா என்று கவனித்தால் சரி.

மற்றது, இருட்டறை. முன்பெல்லாம் வாரக்கணக்கில் திரையும் புத்தகமும் நண்பர்களும் இல்லாமல் இருட்டில் படுக்கச் சொல்வார்கள். அது இப்போது மாறிவிட்டது. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, அதிலும் முழு ஓய்வு வேண்டியதில்லை. வீட்டுக்குள் நடமாடலாம், கதைக்கலாம். அந்த இரண்டு நாளும் தொலைபேசித் திரையை நன்றாகக் குறைக்க வேண்டும். பிறகு மெல்ல மெல்ல வெளியே நடக்கலாம். தலைவலி கொஞ்சம் கூடினால் குறைத்துக்கொள்ள வேண்டும், முற்றாக நிறுத்தத் தேவையில்லை. இந்த மாற்றத்துக்குக் காரணமான ஆய்வுகளில் சில கனடாவில் நடந்தவை. ஒட்டாவா சிறுவர் ஆஸ்பத்திரியின் ரொஜர் செமெக் தலைமையில், கனடாவின் 9 அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குக் கன்கஷனோடு வந்த 3,063 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு நான்கு வாரம் கழித்தும் அறிகுறிகள் இருந்தன. அதே பிள்ளைகளைப் பற்றிய இன்னோர் ஆய்வில், முதல் ஒரு வாரத்துக்குள் இலேசாக உடலை அசைக்கத் தொடங்கியவர்களுக்கு அப்படி நீடிப்பது குறைவாக இருந்தது.

திரும்பும் வழியில் பள்ளிக்கூடம் முதலில், விளையாட்டு பிறகு. வகுப்பிலேயே ஒரு மணி நேரம் உட்கார முடியாத பிள்ளைக்கு மைதானத்தில் என்ன வேலை? அரை நாள் வகுப்பு, சோதனைகளுக்குக் கூடுதல் நேரம், சத்தமான இடங்களிலிருந்து விலகல் என்று ஆசிரியர்களிடம் கேட்டு வாங்கலாம். கேட்கத் தயங்காதீர்கள். கையில் கட்டுப்போட்ட பிள்ளைக்கு எல்லோரும் இரங்குவார்கள். என் மகளுக்கு வெளியே ஒரு கட்டும் தெரியவில்லை, அதனால் அவள் சும்மா சாட்டுச் சொல்கிறாள் என்று சிலர் நினைத்தார்கள். அந்த வாரங்களில் அவளைக் கூடுதலாக வருத்தியது தலைவலியைவிட அதுதான்.

விளையாட்டுக்குத் திரும்புவதும் படிப்படியாகத்தான். நடை, பிறகு சைக்கிள் அல்லது மெல்லோட்டம், பிறகு தனியாகப் பந்தோடு பயிற்சி, பிறகு மோதல் இல்லாத குழுப் பயிற்சி, பிறகு முழுப் பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒரு படிக்கும் அடுத்ததற்கும் இடையில் குறைந்தது ஒரு நாள் வேண்டும். மோதல் வரக்கூடிய பயிற்சிக்கு முன் வைத்தியரின் எழுத்து வேண்டும். வலி மாத்திரை கொடுத்து, வலி இல்லை என்று மைதானத்துக்கு அனுப்புவது ஏமாற்று வேலை. எங்கள் வீட்டில் இதற்கு ஆறு வாரம் பிடித்தது.

திரும்பத் திரும்ப வரும் கன்கஷன் வேறு கதை. அவுஸ்திரேலியாவின் வில் புகோவ்ஸ்கி, 2021இல் சிட்னியில் இந்தியாவுக்கு எதிரான தன் முதல் டெஸ்டில் 62 அடித்தவர். அதுவே அவருடைய கடைசி டெஸ்டும் ஆனது. பல கன்கஷன்களுக்குப் பிறகு 2025இல், 27 வயதில், கிரிக்கெட்டையே விட வேண்டியிருந்தது. ஒருமுறை வந்து, காத்திருந்து முழுதாகக் குணமான பிள்ளையை இந்தக் கதையோடு ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம்.

வராமல் தடுக்க முடியுமா என்றால், கருவிகளைவிட விதிகளே கூடுதலாக உதவியிருக்கின்றன. பிள்ளைகளின் ஐஸ் ஹொக்கியில் உடலால் இடித்துத் தள்ளுவதைத் தடைசெய்த இடங்களில் கன்கஷன் பாதிக்கும் மேல் குறைந்தது. கனடாவில் 2013 முதல் 11, 12 வயதினருக்கு அது தடை. அமெரிக்காவின் உதைபந்தாட்டச் சம்மேளனம் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் தலையால் பந்தை முட்டக்கூடாது என்று 2015இல் அறிவித்தது.

ரோவனின் கதையில் என்னை விடாமல் உறுத்துவது, தோழிகளுக்குத் தெரிந்திருந்தது என்பது. அந்தப் பிள்ளைகள்மீது எந்தக் குற்றமும் இல்லை. அவர்களிடம் யாரும் சொல்லிவைக்கவில்லை. அதனால் இந்தப் பருவம் தொடங்கும்போது மகளோடு அணியில் விளையாடும் இரண்டு பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்டு, அந்தப் பிள்ளைகளிடம் என் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். அவள் தலையில் பட்டதாகச் சொன்னால், சொல்லாதே என்று கெஞ்சினாலும், எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள் என்றேன். போன மாதம் ஒருத்தி அனுப்பினாள். பயிற்சியில் யாரோ ஒருவரின் முழங்கை மகளின் நெற்றியில் பட்டுவிட்டதாம், அவள் இன்னும் மைதானத்துக்குள்தான் நிற்கிறாளாம். பயிற்றுநரை அழைத்து அவளை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு, கார்ச் சாவியைத் தேடினேன்.